திமிரிக்கு எடுத்துப் போன தண்ணீர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. அதோடு தென்னை நாற்பது. அம்மாவுக்கு எங்களைவிட மரத்தின் மேல்தான் பாசம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பொய். இரண்டு பேரிடமும் ஒரே அளவு கண்டிப்பாகத்தான் இருந்தேன்.

எழுத்து எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. எங்கள் சபையில் ஓர் ஆசிரியை அம்மா ஞாயிறு மதியங்களில் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தார். அதனால் என் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிதான் கொள்ளும். மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் பயணம் என்றால் சவுதி, துபாய் என்பார்கள். போய் வந்தவர்கள் ரேடியோவும் போர்வையும் கொண்டுவந்து ஒரு மாதம் கதை சொல்வார்கள். நான் போனது ஆம்பூரிலிருந்து திமிரிக்கு. பஸ்ஸில் அரை நாள் தூரம். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை.

போனதற்குக் காரணம் ஒரு கடிதம். திமிரியில் இருக்கிற என் மகள் எஸ்தர் எழுதியிருந்தாள். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து நானே படித்தேன், யாரிடமும் கொடுக்கவில்லை. ‘உன் மாப்பிள்ளை சம்பா நடவுக்கு முன்னால் டேனரிச் சேறு மூன்று லாரி கொட்டச் சொல்லியிருக்கிறார். நீதானே சொன்னாய், அந்த எருவைப் போட்ட வருஷம் குலை தாங்காமல் மரம் சாய்ந்தது என்று. வியாழக்கிழமை லாரி வருகிறது’ என்று இருந்தது.

நான்தான் சொன்னேன். பேரனுடைய ஞானஸ்நானத்துக்குப் போனபோது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. என் மாமனார் காலத்தில் டேனரியில் தோலை ஆவாரம்பட்டையிலும் வேலம்பட்டையிலும் ஊற வைப்பார்கள். தொட்டி கழுவிய சேற்றில் சுண்ணாம்பும் ஆட்டு மயிரும் இருக்கும். அதைக் கொண்டுவந்து தென்னைக்குப் போட்டால் இரண்டு வருஷத்துக்கு வேறு எரு வேண்டாம். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு டேனரிகளில் பட்டை போய் மருந்து வந்தது. தோல் நீலமாக வெளியே வர ஆரம்பித்தது. அதே சமயத்தில் நாங்களும் ஆளுக்கொரு மோட்டார் வைத்து ஆற்றோரக் கிணறுகளை இறைத்துத் தள்ளினோம். தண்ணீர் கீழே போனது. ஆற்றில் ஓடின டேனரித் தண்ணீர் அந்த இடத்துக்கு வந்தது. டேனரிக்காரனை மட்டும் சொல்லிவிட்டு நான் கை கழுவிக்கொள்ள முடியாது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு தோப்பை நானே பார்த்தேன். மகன் தேவராஜ் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தான். ஒரு வருஷம் காய் கம்மியாகப் போனது. டேனரியில் வண்டி ஓட்டுகிற முனுசாமியைக் கூப்பிட்டு, சேறு பன்னிரண்டு வண்டி கொட்டச் சொன்னேன். முதல் வண்டியைக் கொட்டும்போதே அவன் தயங்கினான்.

“இது பழைய சேறு இல்லம்மா. பாருங்க, பச்சையா இருக்குது. எங்க வண்டி மாட்டுக்குக் குளம்பு வெந்து போச்சு.”

“எருவப் பத்தி எனக்கே சொல்றியாடா நீ? கொட்டு” என்றேன்.

முதல் வருஷம் குலை குலையாகத் தள்ளியது. அந்த வருஷம்தான் திமிரியில் பெருமை பேசினேன். அடுத்த வருஷம் காய் எலுமிச்சை அளவுக்குச் சிறுத்தது. மட்டை பழுத்து விழுந்தது. மண் மேல் வெள்ளையாகப் பூத்து, காலில் நடந்தால் நொறுங்கியது. கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால்தான் தெரியும்.

தேவராஜ் வேலையை விட்டு, மகள் சுகந்தியோடு ஊருக்கு வந்து தோப்பைப் பார்த்து, “யாரும்மா இத கொட்டினது?” என்று கேட்டான். “தெரியலப்பா. விடிஞ்சு வந்து பார்த்தா கெடந்துது” என்றேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவன் அதிகாரிகளுக்கு மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தான். போன மாசம் டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க முனுசாமியை, “ராத்திரில கொட்டிட்டுப் போன திருடன்” என்று ஏசியிருக்கிறான். முனுசாமி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையாம். அன்று சாயந்திரம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது வாசலில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தான். அவ்வளவுதான்.

எஸ்தர், மாப்பிள்ளை, தேவராஜ், மூன்று பேருக்கும் உண்மை சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் கெட்டுப்போகாத நிலம் திமிரியில் இருந்ததால் முதலில் அங்கே புறப்பட்டேன்.

புதன்கிழமை காலை. பேரனைப் பார்த்து வருகிறேன் என்று தேவராஜிடம் சொன்னேன். சர்பத் வந்த ஒரு கண்ணாடி பாட்டிலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, மூடிமேல் துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டேன். என் வாயால் சொன்னால் மாப்பிள்ளை நம்புவாரோ மாட்டாரோ, தண்ணீர் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

பள்ளிகொண்டா தாண்டி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கிப் பார்த்தார். கண்டக்டர் இறங்கிப் பார்த்தார். பிறகு ஆண்பிள்ளைகள் எல்லாரும் இறங்கி, ஒருத்தர் பார்த்ததையே மற்றவர்களும் பார்த்தார்கள்.

“இன்னாய்யா ஆச்சு?”

“இன்ஜினுக்கு ஜொரம். மாத்திரை வாங்க ஆள் போயிருக்குது” என்றார் கண்டக்டர்.

புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. புளிச்சோறு கட்டிவந்தவர்கள் சாப்பிட்டார்கள். நானும் கொண்டுபோன கேழ்வரகு அடையைப் பிட்டுப் பக்கத்திலிருந்த பெண்ணுக்குக் கொடுத்தேன். இளம் பெண், இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அடையைத் தின்ற குழந்தைக்கு விக்கல் எடுத்தது.

“ஆயா, அந்தத் தண்ணிய ரெண்டு மொடக்கு குடுங்களேன்.”

என் கை பாட்டிலை இறுக்கிப் பிடித்தது. “இது குடிக்கறதுக்கு இல்லம்மா” என்றேன்.

“தெளிவாதானே இருக்குது?”

எங்கள் கிணறு கெட்டுப்போச்சு என்று முன்பின் தெரியாத இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தோப்பு இளநீருக்கு ஆம்பூரிலிருந்து ஆள் வந்த காலம் ஒன்று உண்டு. அந்த வீட்டுக்காரி நான். குழந்தை விக்கிக்கொண்டே என் பாட்டிலைப் பார்த்தது.

“அடை குடுக்கத் தெரியுது, தண்ணி குடுக்கத் தெரியல. சாவும்போது தலைமாட்ல வெச்சுக்கப் போகுதாட்டம் இருக்குது” என்றாள் பின்னால் ஒருத்தி.

“இன்னா தண்ணியோ. கங்கையா கூட இருக்கும்” என்றான் இன்னொருத்தன். சிரித்தார்கள். ஒரு லாரிக்காரன் தன் வாட்டர் கேனிலிருந்து குழந்தைக்குக் கொடுத்தான். எழுபத்திரண்டு வயதில் தண்ணீர் இல்லை என்று நான் சொன்னது அன்றைக்குத்தான். அந்தப் பெண் அதற்குமேல் என் பக்கம் திரும்பவில்லை.

வேலூர் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அதற்குமேல் திமிரிக்குப் போக முடியாது. என் அக்காவின் பேத்தி அங்கே நர்ஸாக இருக்கிறாள். அவள் குவார்ட்டர்ஸில் தங்கினேன். ரசமும் முட்டைப் பொரியலும் செய்து போட்டாள். நல்ல பெண், ஆனால் சுத்தம் ஜாஸ்தி. காலையில் நான் முகம் கழுவிவிட்டு வந்தால், என் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தொட்டியருகே நிற்கிறாள்.

“ஏண்டீ, இன்னா பண்ற?”

“பழைய தண்ணி பாட்டி. கொட்டிட்டு, காச்சி ஆற வெச்சது புடிச்சுத் தரேன்.”

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பாதி போய்விட்டது. மிச்சம் பாதியை எதற்கு வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. வயசான மூளை என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று கிளம்பினேன்.

ஆற்காடு பஸ்ஸில் என் பக்கத்தில் புர்கா போட்ட ஒரு பெண்ணும் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் மகளும் உட்கார்ந்தார்கள். மகள் என்னைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

“இன்னாம்மா சொல்லுது பொண்ணு?”

“பாட்டிலப் பார்த்தா அத்தர் மாதிரி புடிச்சினு இருக்காங்கன்னு சொல்றா ஆயா. தப்பா எடுத்துக்காதீங்க.”

நானும் சிரித்துவிட்டேன். அவர்களுக்கு ஊர் மேல்விஷாரம். வீட்டுக்காரர் டேனரியில் தோலைப் போட்டுச் சுற்றுகிற ட்ரம் ஓட்டுகிறாராம். விரல் நீலமாகவே இருக்குமாம், எந்தச் சோப்புக்கும் போகாதாம்.

“உங்க ஊர்ல தண்ணி எப்படி?” என்று கேட்டேன்.

“கெணத்துத் தண்ணில பருப்பு வேகாது. குடிக்கத் தண்ணி வண்டி வரணும். அது வராத அன்னைக்கு ஒரே பேஜார்.”

“அப்பறம் எதுக்கு அந்த வேலை? வுட்டுடச் சொல்லேன்.”

“வுட்டுட்டு நாலு பேரும் உங்க வூட்டுக்குச் சாப்பிட வந்துடட்டுமா?”

கோபமில்லாமல்தான் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே டேனரி முற்றத்தில் தோல் காயப் போட்டிருந்தார்கள். ரோட்டோர வாய்க்காலில் நுரை கட்டிய தண்ணீர் ஓடியது. அதன் கரையில் ஒருத்தி கீரைப் பாத்தி போட்டிருந்தாள். கீரை நல்ல பச்சையாக இருந்தது. முதல் வருஷம் எங்கள் தோப்பும் அப்படித்தான் இருந்தது.

எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. “இது எங்க கெணத்துத் தண்ணி. நான்தான் கெடுத்தேன்” என்றேன்.

“ஒரு ஆளு ஒரு கெணத்தக் கெடுக்க முடியுமா ஆயா?”

“பன்னெண்டு வண்டி டேனரிச் சேறு கொட்டினேன். வேணாம்னு சொன்னவனத் திட்டிட்டுக் கொட்டினேன். புள்ளைகிட்ட யாரோ கொட்டிட்டாங்கன்னு சொன்னேன்.”

மேல்விஷாரம் வந்தது. அவள் எழுந்துகொண்டே சொன்னாள்: “நான் எறங்கிப் போறவ. எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? கேக்க வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க.”

ஆற்காட்டில் இறங்கி பேரனுக்கு மக்கன் பேடா வாங்கினேன். வெறும் கையோடு போகக்கூடாது அல்லவா. அங்கே திமிரி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன்.

திமிரிப் பக்கம் நிலம் எங்கள் பக்கம் மாதிரி இல்லை. ஏரி இருக்கிறது. மல்லாட்டை பிடுங்கிய காட்டில் பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து கடலைக்காயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். மண் சிவப்பாக, கையில் எடுத்தால் பிடிக்கு வருகிற மண். நல்லவேளை வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே வரப்பில் திரும்பினேன். நாற்றம் முதலில் வந்தது. எனக்கு அந்த நாற்றத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரி காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தது. கிணற்றையொட்டின கீழ்க் கழனியில் ஒரு லாரிச் சேற்றை ஏற்கெனவே வாரி இறைத்திருந்தார்கள். மேட்டில் இரண்டு குவியல் மிச்சம். பச்சையும் சாம்பலுமாக வெயிலில் மின்னியது. மாப்பிள்ளை பாக்கியநாதன் மண்வெட்டியோடு நின்றார்.

“வாங்க அத்தை. சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே. பாத்தீங்களா, உங்க எருவு.”

“மாப்ள, அதை நிறுத்துங்க. வாரிப் போட்டத வழிச்சு எடுங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்தினார். எஸ்தர் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். நான் வாங்கவில்லை. நின்றபடியே, வெள்ளை பூத்த மண்ணையும் நாற்பதில் பதினொன்றே நிற்கிற தென்னையையும் பற்றிச் சொன்னேன்.

“போன வாட்டி வந்தப்போ காய் தாங்காம மரம் சாஞ்சுடுச்சுன்னு சொன்னீங்க. இப்போ செத்துடுச்சுன்றீங்க. எதை நம்பறது?” என்றார். பிறகு குரலை இறக்கி, “எங்க நெலம் ரெண்டு மூட்டை ஜாஸ்தி வெளைஞ்சா யாருக்கு இன்னா கஷ்டம்னு எனக்குப் புரியல” என்றார்.

“இன்னா பேச்சு பேசறீங்க” என்றாள் எஸ்தர்.

“வுடும்மா. நான் பேசின பேச்சுக்கு இது கம்மி” என்று சொல்லிவிட்டு பாட்டிலை நீட்டினேன். வீட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் வழக்கம். நானோ, வந்தவள், மாப்பிள்ளைக்கு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எஸ்தர் வாங்கிக்கொண்டாள். துணியை அவிழ்த்து ஒரு வாய் குடித்தாள். அவள் பிறந்து வளர்ந்த கிணறு. கல்யாணமாகி வந்த புதிதில் இங்கத்துத் தண்ணீர் பிடிக்கவில்லை, நம் வீட்டுத் தண்ணீர் கொண்டு வா என்று சொல்லி அனுப்பினவள்.

துப்பவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினாள். “இது நம்ம கெணறாம்மா?” என்றாள்.

நான் தலையாட்டினேன். பாட்டில் மாப்பிள்ளை கைக்குப் போனது. நாக்கில் வைத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“யாரோ ராத்திரில இன்னாத்தையோ கொட்டிட்டாங்கன்னு மச்சான் மனு எழுதினு இருக்காரே, அது இந்தச் சேறுதானா?”

“யாரும் கொட்டல. நான் சொல்லித்தான் முனுசாமி கொட்டினான். தேவராஜுக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு மாப்பிள்ளை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்க் கழனியில் இறங்கினார். எஸ்தர் கூடையை எடுத்தாள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டேன். “நீங்க ஒக்காருங்க அத்தை” என்றார். நான் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் வழித்தோம். மண்ணோடு கலந்த பிறகு எது சேறு, எது மண்? ஒரு கூடை சேற்றுக்கு இரண்டு கூடை நல்ல மண் போனது. பாதிக் கழனி முடியும்போது வடமேற்கில் கறுத்தது. ஒரு மாதமாக அந்த ஊரில் மழை இல்லையாம். அக்கம்பக்கத்துக் கழனியிலிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். “வருதுப்பா, வருது” என்று ஒருத்தர் துண்டைச் சுழற்றினார்.

மழை ஒரு மணி நேரம் ஊற்றியது. நாங்கள் மூன்று பேரும் மோட்டார் கொட்டகையில் நின்று பார்த்தோம். வழிக்காமல் விட்ட பாதியிலிருந்து பச்சைத் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனது. மாப்பிள்ளை ஓடிப்போய் மண்ணை வெட்டிப் போட்டு அணைத்தார். அது அவர் காலைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே விழுந்தது. மழை பெய்யும்போது நான் அழுதது அன்றைக்குத்தான். புதன்கிழமை பஸ் நிற்காமல் போயிருந்தால் முதல் லாரிக்கு முன்னால் வந்திருப்பேன். முதல் வருஷமே பெருமை பேசாமல் இருந்திருந்தால் வரவே வேண்டியிருக்காது.

மழை விட்டதும் மாப்பிள்ளை மேட்டிலிருந்த குவியல்களைக் காட்டினார். “இதை எங்க அத்தை கொண்டுபோய்க் கொட்றது?”

லாரிக்காரன் திரும்ப எடுக்கமாட்டான். ஏரியில் கொட்ட முடியாது. பாறைப் பள்ளத்தில் கொட்டினால் கீழே இன்னொருத்தர் கழனி. ரோட்டோரம் போட்டால் வாய்க்காலுக்குப் போகும். நாங்கள் மூன்று பேரும் நின்று ஒவ்வொரு திசையாகப் பார்த்தோம். எல்லாத் திசையிலும் யாரோ ஒருத்தர் நிலம் இருந்தது. கடைசியில் சுற்றிலும் வரப்பு கட்டி, மேலே தென்னை ஓலை போட்டு மூடினோம். பிணத்தை மூடுகிற மாதிரி இருந்தது. நான் கிளம்பும்போதும் அது அங்கேதான் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர்கள் கிணற்றில் ஒரு வாய் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. அதில் எனக்குச் சந்தோஷமில்லை. எங்கள் கிணறும் முதல் வருஷம் இனித்தது. பாட்டிலைக் கழுவி அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன். எஸ்தர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். “அண்ணங்கிட்ட சொல்லிடும்மா” என்றாள்.

திரும்பும்போது பஸ் எங்கும் நிற்கவில்லை. யாரும் தண்ணீர் கேட்கவில்லை. பகலிலேயே வீடு வந்து சேர்ந்தேன். தேவராஜ் வெளியிலிருந்து வந்து பாட்டிலைப் பார்த்து, கேட்காமலே எடுத்துக் குடித்தான்.

“எந்தத் தண்ணிம்மா இது? சக்கரையா இருக்குது. நம்ம கெணறு இப்படித்தானே இருந்துச்சு” என்றான். வாயைத் துடைத்துக்கொண்டு, “அந்த முனுசாமிய நான் சும்மா வுடப்போறதில்ல. திங்கக்கிழம ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்” என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் பஸ்ஸில் சொன்னேன். மாப்பிள்ளையிடம் சொன்னேன். நான் பெற்ற பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அதனால்தான் சனி ராத்திரியும் ஞாயிறு பகலும் உட்கார்ந்து இதை எழுதினேன். சபைக்குக்கூடப் போகவில்லை. கை வலிக்கிறது.

நாளைக்குத் திங்கள். சுகந்தி, உன் அப்பா பின்பக்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து இங்கே வாசப்படியில் உட்கார். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி முதலிலிருந்து சத்தமாகப் படி. பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே. நான் முனுசாமியைக் கூப்பிட்டுக் கொட்டச் சொன்ன இடம் வரும்போது நிறுத்தாதே, குரலை இறக்காதே. அங்கேதான் உன் அப்பாவுக்கு நன்றாகக் கேட்க வேண்டும். எங்கே, படி.